சீபீக்களைத் தண்ணீரில் மிதக்கவும் வானில் பறக்கவும் வைத்தவர்கள்: யாரை, எப்படிக் கௌரவிப்பது?

இறக்கைமிதவை:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம்.

தரையிலும் தண்ணீரிலும் இறங்கும் சீபீ விமானம் வைத்திருக்கும் நம் வட்டத்தில் ஒரு வருடத்துக்குள் இரண்டு மூத்தவர்கள் போய்விட்டார்கள். பெயர்களை இங்கே எழுதவில்லை, பழையவர்களுக்குத் தெரியும். அதில் ஒருவரின் தொலைபேசி எண் நம்மில் பாதிப் பேர் பையில் இருந்தது. நான் ஒரு முறை ஏரியில் இறங்கிவிட்டு, ஹைட்ராலிக் கைப்பம்ப்பை எத்தனை முறை அடித்தும் சக்கரம் கீழே வராமல் தவித்தேன். மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவரை அழைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனிலேயே இருந்து, எந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எங்கே எண்ணெய் கசிகிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பம்ப்பின் உள்ளே ஒரு சின்ன சீல் போயிருந்தது. அந்த நேரத்துக்கு எண்ணெய் ஊற்றிச் சமாளித்துக் கரையேறினேன்.

அவர் இறந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் செய்ததைப் பற்றி எங்கேயும் ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காக: ரிபப்ளிக் ஆர்சி-3 சீபீயை, இரண்டாம் உலகப் போரில் தண்டர்போல்ட் போர் விமானங்களைச் செய்த அதே ரிபப்ளிக் நிறுவனம், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள ஃபார்மிங்டேலில் செய்தது. மொத்தம் 1,060 விமானங்கள். 1947இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த விமானங்களுக்குத் தாய்வீடு கிடையாது. உதிரி பாகம் வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்றால் ஓட்டுகிறவர்கள்தான் ஒருவருக்கொருவர். எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடுகிறது.

என் யோசனை இது. நம் வட்டத்துக்கு உழைத்தவர்களின் பெயர்களை வருடத்துக்கு இரண்டு மூன்று என்று ஒரு பதிவேட்டில் சேர்க்கலாம். யார், எந்த அளவுகோல் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

நல்ல யோசனை. முதல் பெயர் பெர்சிவல் ஸ்பென்சர். இதில் விவாதமே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

1897இல் பிறந்தவர். பதின்வயதிலேயே பழைய கர்டிஸ் பறக்கும் படகு ஒன்றைத் தானே சரிசெய்து 1914இல் பறந்தவர். தண்ணீரிலிருந்து எழும்பும் விமானம் என்பது வந்தே அப்போது நாலு வருடம்தான் ஆகியிருந்தது. 1910 மார்ச்சில் ஃபிரான்ஸில் ஆன்றி ஃபாப்ர் முதன்முதலாகத் தண்ணீரிலிருந்து எழும்பினார், அடுத்த வருடம் அமெரிக்காவில் கிளென் கர்டிஸ். அந்தக் காலத்தில் ஆரம்பித்த மனிதர், சீபீயை வடிவமைத்து, அது நின்றுபோன பிறகும் சும்மா இருக்காமல், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி ஏர் கார் என்ற ஆம்ஃபிபியனுக்கு, அதாவது தரை, தண்ணீர் இரண்டிலும் இறங்கும் விமானத்துக்கு, வரைபடம் போட்டுக் கொடுத்தார். தொண்ணூறு வயது வரை பறந்தார். 1995இல் இறந்தார்.

சீபீயின் மூக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது பாருங்கள். அதைத் திறந்து நின்று கயிற்றைப் படகுத்துறையில் மாட்டலாம், தூண்டில் போடலாம். புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால் முன்னால் நிற்கிறவருக்கு ஆபத்தில்லை. தண்ணீரோடு பழகின ஆள் வரைந்த விமானம் என்பது அந்தக் கதவிலேயே தெரியும்.

ரிவெட்துப்பாக்கி:

ஏரிக்கரை, ஸ்பென்சர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவரை நாம் கௌரவிக்கத் தேவையில்லை. சீபீ பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியில் அவர் பெயர் வந்துவிடுகிறது. இந்தப் பதிவேடு யாருடைய பெயர் எங்கேயும் வராதோ அவர்களுக்காக இருக்கட்டும்.

என்ஜின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீபீயில் இருந்தது 215 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் ஃபிராங்க்ளின். அதைச் செய்தது சிராக்யூஸில் இருந்த ஏர்கூல்டு மோட்டார்ஸ். சீபீக்காகவே 1945இல் ரிபப்ளிக் அந்தக் கம்பெனியை வாங்கியது. 1947இல் அது டக்கர் கார் கம்பெனியின் கைக்குப் போனது. டக்கருக்கு வேண்டியது கார் என்ஜின், நம்முடையது இல்லை. கடைசியில் 1975இல் ஃபிராங்க்ளின் மொத்தமாகப் போலந்துக்குப் போய்விட்டது. ஒரு சிலிண்டர் வெடித்தால் எங்கே போய்க் கேட்பது?

அப்போது சிலர் செய்த வேலைதான் பெரிது. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். எந்தக் கிடங்கில் ஃபிராங்க்ளின் பாகம் கிடந்தாலும் தன் வண்டியில் போய் எடுத்து வந்துவிடுவார். ஒவ்வொன்றையும் கழுவி, அளந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பாக எண்ணை எழுதி ஒட்டி வைப்பார். வாங்கின விலைக்கே கொடுப்பார். அதைவிடப் பெரிய உபகாரம், நன்றாக இல்லாததைக் கொடுக்க மாட்டார். "இது ஓடும், ஆனால் நான் உட்கார்ந்து பறக்க மாட்டேன்" என்று சொல்லி அதை மூலையில் போட்டுவிடுவார். காசு தருகிறேன் என்று கெஞ்சினாலும் கிடைக்காது. அவர் மறுத்த பாகங்களால் எத்தனை பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. நடக்காமல் போன விபத்துக்குப் பதிவு ஏது?

ஒன்று சொல்கிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, ஐம்பது வருடம் பாதுகாப்பாகப் பறந்தவர்களுக்கு ரைட் சகோதரர்கள் பெயரில் மாஸ்டர் பைலட் விருது தருகிறது. ஐம்பது வருடம் பழுது பார்த்தவர்களுக்கு சார்லஸ் டெய்லர் பெயரில் மாஸ்டர் மெக்கானிக் விருது. ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கு என்ஜினைத் தன் கையால் செய்தவர் டெய்லர். அந்தச் சகோதரர்களை உலகமே கொண்டாடியது. டெய்லர் கடைசிக் காலத்தில் வறுமையில் வாடி, 1956இல் இறந்தார். விருதுக்கு அவர் பெயர் வந்ததெல்லாம் அதற்கு ரொம்ப வருடம் கழித்துத்தான். நாமும் அதையே செய்யக் கூடாது.

நம் மூத்த மெக்கானிக்குகளில் யாராவது ஐம்பது வருடத்தைத் தாண்டியிருந்தால் இப்போதே அந்த விருதுக்கு விண்ணப்பம் போடுங்கள். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். அவர்களே உட்கார்ந்து எழுதிக்கொள்ள மாட்டார்கள், நாம்தான் எழுத வேண்டும். ஒரு கடிதம் நான் எழுதுகிறேன்.

கண்ணாடிநீர்:

ரிவெட் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கற்றுக்கொடுத்தவர்கள்.

ஆம்ஃபிபியன் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நம்மைக் கொல்வது பெரும்பாலும் ஒரே தவறுதான். சக்கரத்தைக் கீழே விட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவது. தரையில் சக்கரம் இல்லாமல் இறங்கினால் ஹல்லின், அதாவது படகு போன்ற உடலின், அடிப்பகுதி உராயும், செலவு வரும், பெரும்பாலும் இறங்கி நடந்து போய்விடலாம். தண்ணீரில் சக்கரத்தோடு இறங்கினால் விமானம் மூக்குக் குப்புறக் கவிழ்ந்துவிடும். தலைகீழாக, தண்ணீருக்கு அடியில், பெல்ட்டோடு தொங்கிக்கொண்டு கதவைத் தேட வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் "சக்கரத்தைப் பார்" என்று மட்டும் சொல்லிவிடவில்லை. வாய்விட்டுச் சொல்ல வைத்தார். "இது தண்ணீர். சக்கரம் மேலே." "இது தரை. சக்கரம் கீழே." மனதுக்குள் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார். காற்றின் போக்கில் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, இறங்குவதற்கு முன் மறுபடியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் கேட்க வேண்டும் என்பார். இன்றைக்கும் தனியாகப் பறக்கும்போதுகூடச் சத்தமாகத்தான் சொல்கிறேன்.

என் பெயருக்கும் அவர்தான் காரணம். காற்றே இல்லாமல் ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும்போதுதான் புதியவர்கள் "ஆகா, எவ்வளவு அமைதி" என்று ஏமாறுவார்கள். தண்ணீர் மட்டம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பத்தடி உயரத்தில் இருக்கிறோமா, ஐம்பதடியா என்று சொல்ல முடியாது. கரையை ஒட்டி வா, மரங்களைப் பக்கவாட்டில் வைத்துக்கொள், மூக்கைச் சரியான நிலையில் நிறுத்தி, என்ஜினுக்குக் கொஞ்சம் பவர் கொடுத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காமல் அப்படியே காத்திரு, தண்ணீர் தானாக வந்து தொடும் என்பார். "தேடாதே, காத்திரு." நான் இப்போது கற்றுக்கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறேன்.

இப்படிப்பட்டவர்களைப் பதிவேட்டில் சேர்க்கும்போது எத்தனை மணி நேரம் பறந்தார் என்று எழுத வேண்டாம். அவர் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கத்தை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். படிக்கிறவன் அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்வான்.

ஏரிக்கரை:

சரி, ரிவெட். ஸ்பென்சரை முன்னுரையில் வைத்துவிடுவோம். நீங்கள் சொன்னது சரிதான்.

பில்ஜ்பம்ப்:

ஒரு கஷ்டமான கேள்வி. விபத்து செய்தவர்களைச் சேர்க்கலாமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் சேர்க்க விரும்புகிறவர் தன் சீபீயைத் தானே மூழ்கடித்தவர்.

குளிர்காலத்தில் ஹல்லில் தேங்கின தண்ணீரை வடிக்க அடியில் உள்ள வடிகால் அடைப்பான்களைக் கழற்றி வைத்திருக்கிறார். வசந்தத்தில் முதல் பறப்பு, ஊரே கூடி நிற்கிறது, சரிவில் இறக்கித் தண்ணீருக்குள் விட்டுவிட்டார். அடைப்பான்கள் மேசை மேல். யாரோ படகைக் கட்டிவிட்டு வருவதற்குள் ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானத்தை மீட்டுச் சரிசெய்ய இரண்டு வருடம் பிடித்தது.

நானாக இருந்தால் வெட்கத்தில் வெளியே தலைகாட்டியிருக்க மாட்டேன். அவர் அடுத்த சந்திப்பில் எழுந்து நின்று முழுக் கதையையும் சொன்னார். எந்த நிமிடத்தில் கவனம் சிதறியது, யாரோடு பேசிக்கொண்டிருந்தார், தண்ணீர் எந்தெந்த அறைக்குள் முதலில் போனது, பிரித்துப் பார்த்தபோது எங்கெல்லாம் ஏற்கனவே அரிப்பு பிடித்திருந்தது, எல்லாம். அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டுத்தான் நான் என் விமானத்தின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். இரும்பு போல்ட்டும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி. விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போனது. முந்தைய பரிசோதனைகளில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் பலரும் அடைப்பான்களைக் கழற்றினால் சாவியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அது அவரிடமிருந்து வந்த பழக்கம்.

கண்ணாடிநீர்:

கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். தவறு செய்தவர்கள் நிறையப் பேர். அதைப் பத்து பேர் முன்னால் ஒளிக்காமல் சொன்னவர்கள் மிகக் குறைவு.

தபால்தலை:

நான் விமானம் ஓட்டுகிறவள் இல்லை, என் மாமனார் சீபீ வைத்திருந்தார். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலில் மெக்கானிக் வந்துவிட்டார், பயிற்சியாளர் வந்துவிட்டார். என் மாமியார் போன்றவர்கள் வரவில்லை. இன்டர்நெட் வருவதற்கு முன்னால் ஒருவர் கண்டுபிடித்த பழுதுபார்க்கும் முறை இன்னொருவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? செய்திமடல் வழியாகத்தான். அதை யார் தட்டச்சு செய்தது? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மாமியார். ஆண்கள் எழுதி அனுப்புகிற கையெழுத்து புரியாது, திரும்ப அவர்களைக் கூப்பிட்டு "இது எட்டா மூன்றா" என்று கேட்பார். ரிவெட் அளவில் ஒரு எண் மாறினால் என்ன ஆகும் என்று மாமனார் ஒரு முறை சொன்னதிலிருந்து, எண் இருக்கிற ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பார். நான் மூலத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

ஆளுக்கு ஒரு உறை, ஆளுக்கு ஒரு முகவரி, எல்லாம் கையால். யார் வீடு மாறினார், யார் இறந்தார், விமானம் யாருக்குக் கைமாறியது என்ற விவரம் அவரிடம் ஒரு அட்டைப்பெட்டியில் வரிசை எண்ணோடு இருந்தது. இன்றைக்கு நீங்கள் எந்தெந்தச் சீபீ மிச்சம் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறீர்களே, அதில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலிருந்து தொடங்கியது.

அவர் ஒரு முறைகூட விமானத்தை ஓட்டியதில்லை. ஏறி உட்கார்ந்ததே மூன்று நான்கு தடவைதான், சத்தம் பிடிக்காது. அதனால் அவர் பெயர் எந்த உறுப்பினர் பட்டியலிலும் இல்லை.

இறக்கைமிதவை:

அக்கா, படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பதிவேட்டுக்கு விமான உரிமையாளராக இருக்க வேண்டும் என்று நான் முதலில் எழுதி வைத்திருந்த விதியை இப்போதே அடித்துவிட்டேன். உங்கள் மாமியாரின் சம்மதமோ, அவர் இல்லையென்றால் குடும்பத்தின் சம்மதமோ கிடைத்தால் அவர் பெயர் முதல் வருடத்திலேயே வரும்.

தபால்தலை:

இருக்கிறார். 91 வயது. கேட்டுச் சொல்கிறேன்.

ஏரிக்கரை:

என் பக்கத்திலிருந்து இன்னொரு வகை. ஏரிகளைத் திறந்து வைத்தவர்கள்.

விமானம் இருந்து, என்ஜின் ஓடி, இறங்கத் தண்ணீர் இல்லையென்றால் என்ன செய்வது? ஒரு ஏரியில் நீர்விமானத்துக்குத் தடை போட ஒரே ஒரு உள்ளூர்க் கூட்டம் போதும். சத்தம் என்பார்கள், மீன் என்பார்கள், படகுகளுக்கு ஆபத்து என்பார்கள். 1972இலிருந்து சீப்ளேன் பைலட்ஸ் அசோசியேஷன் இதற்காக உழைக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, தன் முறை வரும்போது மரியாதையாகப் பேசுவது உள்ளூரில் இருக்கும் ஒரு ஆள்தான்.

எங்கள் ஏரிக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். ஏரிகளைக் கெடுக்கும் வரிக்குதிரைச் சிப்பி பரவும் என்று எதிர்ப்பு வந்தபோது அவர் சண்டை போடவில்லை. நியாயமான பயம் என்று ஒப்புக்கொண்டார். ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் ஹல்லுக்குள் தேங்கும் பில்ஜ் தண்ணீரை முழுக்க வெளியேற்றுவது, ஹல்லையும் கயிறுகளையும் பார்த்துப் பாசியை அகற்றுவது, காயவிடுவது என்று ஒரு நடைமுறையை எழுதி, எதிர்த்தவர்களையே கூப்பிட்டுத் தன் விமானத்தில் செய்து காட்டினார். தடை வரவில்லை.

ரிவெட்துப்பாக்கி:

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஆஷ்காஷ் விமானக் கண்காட்சியில் ஒவ்வொரு வருடமும் நன்றாகப் புதுப்பித்த விமானங்களுக்கு லிண்டி விருது கொடுக்கிறார்கள், நீர்விமானங்களுக்கும் தனியாக உண்டு. எனக்கு அது பிடிக்கும், பளபளவென்று நிற்கும் ஒரு பழைய ஹல்லைப் பார்த்தால் நாள் முழுக்க அங்கேயே நின்றுவிடுவேன். ஆனால் பரிசு அந்த விமானத்துக்குப் போகிறது. தன் விமானத்தைப் பிரித்துப் போட்டு, அதன் பாகத்தை இன்னொருவருக்குக் கொடுத்து, தன்னுடையதைப் பத்து வருடம் முடிக்காமலேயே விட்டவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் கூடாரத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம், தயவுசெய்து இறந்த பிறகு மட்டும் கொடுக்காதீர்கள்.

பழையவரைபடம்:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் முறை எழுதுகிறேன்.

ஒரு மூத்தவரின் குடும்பம் அவருடைய காகிதங்கள் அத்தனையையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு பெட்டி. தொழிற்சாலை வரைபடங்களின் நகல்கள், சர்வீஸ் கடிதங்கள், பெரிய பழுதுகளைப் பதியும், 337 என்ற எண்ணுள்ள எஃப்ஏஏ படிவங்களின் பிரதிகள். இவற்றின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். நம் விமானத்துக்கு வேண்டிய பாகத்தை நாமே செய்துகொள்ள எஃப்ஏஏ விதி 21.9 இடம் கொடுக்கிறது, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட தரவு கையில் இருந்தால்தான் அது எளிது. கைவிடப்பட்ட பழைய விமான வடிவமைப்புச் சான்றிதழ்களின் தரவை எஃப்ஏஏ கேட்டால் கொடுக்கலாம் என்று 2012இல் சட்டமே வந்தது. அப்படிக் கேட்டு வாங்கும் வரைபடத்தில் தொழிற்சாலை போட்ட கோடுகள்தான் இருக்கும்.

நான் கேட்க வந்தது அதைப் பற்றித்தான். என்னிடம் இருக்கும் தாள்களின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. இறக்கை மிதவையின் தாங்குகம்பி வரைபடத்தில் மட்டும் மூன்று வெவ்வேறு கையெழுத்து இருக்கிறது. ஒன்று "இந்தத் துளை வரைபடத்தில் தவறு, விமானத்தில் அளந்து பார்" என்கிறது. அதற்குக் கீழே இன்னொரு கை, "நானும் அளந்தேன், சரி" என்று போட்டு முதலெழுத்தும் தேதியும் எழுதியிருக்கிறது. மூன்றாவது கை, தடிமனான தகடு போட்டால் நல்லது என்று ஒரு சின்னப் படம் வரைந்திருக்கிறது. ஸ்கேன் செய்யும்போது ஓரங்களைச் சுத்தம் செய்து, வரைபடம் மட்டும் தெளிவாகத் தெரியும்படி வெட்டிவிடட்டுமா? கோப்பும் சின்னதாகும்.

ரிவெட்துப்பாக்கி:

வெட்டாதீர்கள்! கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டாதீர்கள். அந்த முதலெழுத்துகள் என்ன?

பழையவரைபடம்:

இங்கே பொதுவில் போடவில்லை, உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ரிவெட்துப்பாக்கி:

வந்தது. இரண்டாவது கை யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் மேலே எழுதினேனே, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைப்பவர். அவர் எழுத்துதான், தேதியில் அந்த 7 என்ற எண்ணின் குறுக்கே கோடு போடுவது அவர் வழக்கம். மூன்றாவது யார் என்று தெரியவில்லை. இறக்கைமிதவை, நீங்கள் பாருங்கள்.

இறக்கைமிதவை:

மூன்றாவது நான் முதல் பதிவில் சொன்னவர். ஹைட்ராலிக் ஆள். இதே மாதிரி அம்புக்குறி போட்டு எனக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், மேசை மேல்தான் இருக்கிறது.

பழையவரைபடம் தம்பி, 600 டிபிஐயில் முழுத் தாளையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கமும் சேர்த்து. பதினோரு பெட்டியையும் ஒருவராகச் செய்ய வேண்டாம். நான் அடுத்த சனிக்கிழமை என் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். முதல் கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்கும் வரை பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

தபால்தலை:

மாமியாரிடம் கேட்டேன். சம்மதித்துவிட்டார். அந்த முதல் கையெழுத்தை அவருக்கு அனுப்ப முடியுமா? யார் எட்டை எப்படிப் போடுவார்கள் என்று இன்னும் நினைவிருக்கிறது என்கிறார்.